ஏரியை மறைத்த சாய்வுக் குச்சி

ஒரு ஏரிக்கரையில் செம்பன் என்ற கீரியும் அதன் மனைவி பூவாலியும் வீடு கட்டின. கீரிக்கு வளை போதாதா என்று கேட்காதீர்கள். ஏரி நிரம்பினால் வளைக்குள் தண்ணீர் வந்துவிடும். பூவாலியோ பிள்ளைத்தாய்ச்சி.

நாலு மூலையிலும் கால் நட்டு, மேலே குறுக்குக் குச்சி கட்டி, கோரைப்புல் வேய்ந்தாயிற்று. கடைசியாக, சன்னல் வைத்த ஏரிப் பக்கச் சுவரில், கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு ஒரு மூங்கில் குச்சியைச் சாய்வாகக் கட்டியது செம்பன்.

“ஏங்க, சன்னலுக்கு நடுவுல வருதே. படுத்துக்கிட்டே ஏரியைப் பார்க்கலாம்னு இருந்தேன்.”

“காத்தடிச்சா வீடு சாயாம இருக்க இது வேணும், பூவாலி.”

“நாலு கால் தாங்காததையா இந்த ஒத்தக் குச்சி தாங்கப்போகுது?”

மனைவியின் முகம் வாடியிருந்தது. அதைப் பார்த்ததும் செம்பன் குச்சியை அவிழ்த்து ஓரமாகச் சாத்தியது. பூவாலிக்கு அது புல் காயப்போட உதவியது. இரண்டும் சந்தோஷமாகத்தான் இருந்தன.

மூன்று குட்டிகள் பிறந்தன. அவை கண் திறப்பதற்குள் ஒரு மத்தியானம் வானம் கறுத்து, காற்று சுழன்றடித்தது. வீட்டில் எதுவும் முறியவில்லை. நாலு கால்களும் சேர்ந்து மெல்ல ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கூரை குட்டிகளின் மேல் இறங்கத் தொடங்கியது.

செம்பன் பாய்ந்தது. சாயும் பக்கத்துக் கீழ் மூலையில் பின்னங்கால்களை ஊன்றி, எதிர்ப்பக்க மேல் மூலையை முன்னங்கால்களால் முட்டிப் பிடித்தது. குச்சி இருந்த இடத்தில் இப்போது அதன் உடம்பு இருந்தது.

“குட்டிகளைத் தூக்கிட்டு ஓடு!”

“மூணையும் எப்படித் தூக்குவேன்? உங்களை விட்டுட்டு எங்க போவேன்?”

பூவாலி அந்த மூங்கில் குச்சியை இழுத்து வந்தது. புருஷனின் உடம்பை ஒட்டியே சாய்த்து வைத்து, இரண்டு முனைகளையும் நாரால் கட்டிப் பல்லால் இறுக்கியது.

“இப்ப விடுங்க.”

செம்பன் பயந்து பயந்து கால்களை எடுத்தது. வீடு கிரீச்சிட்டது. ஆனால் நின்றது.

“உன் முகம் வாடுதேன்னு அவுத்துட்டேன்” என்றது செம்பன்.

“நான் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்னு குச்சியை அப்படியே விட்டிருக்கணும்” என்று பூவாலி புருஷனின் கால்களை நக்கிக்கொடுத்தது.

சில நாளில் மூத்த குட்டி கண் திறந்து சன்னலைப் பார்த்தது.

“அம்மா, ஏரி ரெண்டா தெரியுதே?”

“தெரியட்டும் கண்ணு. பார்க்க நீ இருக்கியே.”

பிரியமானவரின் முகம் வாடுமே என்று, அவரைத் தாங்கி நிற்பதை அவிழ்த்துவிடக் கூடாது.