மாவில் புரண்ட மகாராஜா

சிவகாசியில் ஒரு சித்திரக்கதை அச்சகம். அங்கே படத்துக்கு வண்ணம் தீட்டுவதில் வேதமாணிக்கம் மாஸ்டரை மிஞ்ச ஆள் கிடையாது. அவரிடம் தொழில் பழக வந்தவள் அமலோற்பவம்.

அவளுக்கு ஒரே ஒரு பயம். வண்ணம் கோட்டைத் தாண்டிவிடுமோ என்று. கான்வென்ட்டில் தாண்டினால் சித்திரம் சொல்லித்தரும் சிஸ்டர் விரல் முட்டியில் ஸ்கேலால் போடுவார். சிஸ்டர் போய்ச் சேர்ந்தும் அந்த ஸ்கேல் மட்டும் போகவில்லை.

தீபாவளி மலரில் அவளுக்கும் ஒரு பக்கம் கிடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டினாள். ராஜா, ராணி, யானை எல்லாரும் அவரவர் கோட்டுக்குள் அடக்க ஒடுக்கமாக நின்றார்கள்.

மிஷினில் முதலில் வண்ணம் விழும், கடைசியில் கறுப்புக் கோடு விழும். சோதனைத் தாளோடு முதலாளியே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? ராஜா மாவுல புரண்டு எந்திரிச்சாரா? யானைக்கு எதுக்கு வெள்ளைக் கரை, வேட்டியா கட்டியிருக்கு?"

உண்மைதான். ஒவ்வொருவரைச் சுற்றியும் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே வெள்ளை இளித்தது.

"சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா, நாளைக்கு பைண்டிங்ல பசை தடவப் போயிடு."

அவர் தலை மறைந்ததும் அமலோற்பவம் மூக்கை உறிஞ்சினாள்.

"நான் கோட்டைத் தாண்டவே இல்லை, மாஸ்டர்."

"அதான் தாயி கோளாறு."

"உங்க பக்கமும் அதே மிஷின்லதானே ஓடிச்சு? அதுல மட்டும் எப்படி வெள்ளை இல்லை?"

மாஸ்டர் தான் தீட்டிய தாளை எடுத்துப் போட்டார். கோடு இல்லாத வெறும் வண்ணம். ராஜாவின் சிவப்பு சிம்மாசனத்தில் ஏறியிருந்தது. ராணியின் கன்னம் கம்மலைத் தின்றிருந்தது. யானைக்கே யானைக்கால் வந்த மாதிரி வீங்கிக் கிடந்தது.

"ஐயோ! சிஸ்டர் பார்த்தா உங்க விரலையே ஒடிச்சிருப்பாங்க."

அவர் கோடு மட்டும் உள்ள கண்ணாடித் தாளை அதன்மேல் போர்த்தினார். வழிந்ததெல்லாம் பருமனான கறுப்புக்குள் பதுங்கிக்கொண்டது. ராஜா கம்பீரமாகப் பார்த்தார்.

"உங்க சிஸ்டர் தாளை ஆட்டுவாங்களா?"

"ஆடாம அசையாம வைக்கணும்பாங்க."

"மிஷின் ஆடும், தாயி. கோடு ஒரு நூலாவது தள்ளித்தான் விழும்."

அமலோற்பவம் மறுபடி தூரிகையைத் தொட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் கோட்டைத் தாண்டினாள். ஸ்கேல் எதுவும் விழவில்லை.

சாயங்காலம் புதுச் சோதனைத் தாளோடு வந்த முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், தாளைத் தலைகீழாகக்கூடப் பார்த்தார். "யானை கொஞ்சம் மெலிஞ்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அமலோற்பவத்துக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது.

"மாஸ்டர், கதை எழுதினவர் பேர் போடுறாங்க. படம் வரைஞ்சவர் பேர் போடுறாங்க. இத்தனை வருஷ புத்தகத்துல நீங்க எங்க இருக்கீங்க?"

மாஸ்டர் தூரிகையைப் பனியனில் துடைத்தார்.

"நல்லாப் பாரு. எங்கயாவது வெள்ளை தெரியுதா?"

"இல்லை, மாஸ்டர்."

"அங்கதான் இருக்கேன்."