சிறகு உலர்த்தும் இயந்திரம்

இயந்திரங்களும் பறவைகளும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காவிரிக் கரையில் செண்பகம் என்றொருத்தி இருந்தாள். நடக்கவும் நீந்தவும் பறக்கவும் தெரிந்த ஓர் இயந்திரத்தை அவள் செய்தாள். நடையை உடும்பிடம் கற்றாள், நீச்சலை ஆமையிடம், பறப்பதை நீர்க்காகத்திடம். சிறகுக்குக் குடைத்துணி தைத்தாள்.

நீர்க்காகத்திடம் ஒன்றை மட்டும் கற்காமல் விட்டாள். தண்ணீரிலிருந்து ஏறியதும் அது பாறையில் சிறகை விரித்து வெகுநேரம் சும்மா நிற்கும்.

"இதையும் சேத்துக்க," என்றது நீர்க்காகம்.

"நிக்கிறத எல்லாமா கத்துக்குவாங்க? எனக்கு நேரமில்ல," என்றாள் செண்பகம். அவளுக்கு என்றைக்குமே நேரமிருந்ததில்லை.

ஆடி மாதம். மேற்கே எங்கோ மழை. இங்கே நல்ல வெயிலில் ஆறு பெருகியது. நடுத் திட்டில் மாரிக்கண்ணு தன் ஐந்து ஆடுகளோடு மாட்டிக்கொண்டார். அவரிடம் ஒரு கயிறு போய்ச் சேர்ந்தால்தான் அதைப் பிடித்துப் பரிசல் விடமுடியும். செண்பகம் கயிற்றின் நுனியை இயந்திரத்தின் இடுப்பில் கட்டி அனுப்பினாள்.

அது நடந்து இறங்கியது, பாதி ஆறு நீந்தியது, ஒரு பாறையில் ஏறியது. அதற்கப்பால் சுழல். பறந்துதான் தாண்ட வேண்டும்.

"சிறகக் காயவிடு," என்றது பாறையிலிருந்த நீர்க்காகம்.

"எனக்கு நிக்கத் தெரியாதே," என்று ஈரச் சிறகோடு எழும்பிய இயந்திரம், நாலு முழம் போவதற்குள் சுழலில் விழுந்தது.

பரிசல்காரர்கள் கயிற்றை இழுத்து அதை மறுபடி பாறையில் சேர்த்தார்கள். அதற்குள் திட்டில் தண்ணீர் மாரிக்கண்ணுவின் முழங்காலுக்கு வந்துவிட்டது.

"சீக்கிரம் பறக்கச் சொல்லும்மா," என்று கரையில் கத்தினார்கள். செண்பகமோ இயந்திரத்தைப் பார்த்து, "நில்லு. அது எப்படி நிக்குதோ அப்படியே நில்லு," என்று குரல் கொடுத்தாள்.

பறவையும் இயந்திரமும் பக்கத்தில் பக்கத்தில் சிறகு விரித்து நின்றன. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. இரண்டு ஆடுகளை ஆறு கொண்டுபோயிற்று. துணி காய்ந்த பிறகு இயந்திரம் பறந்தது.

மாரிக்கண்ணு மூன்று ஆடுகளோடு பரிசலில் வந்து கரையேறினார். செண்பகம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

"எல்லாம் என்னாலதான் அண்ணே."

அவர் வேட்டியைப் பிழிந்தார். "அதுக்கு இப்ப நிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அத மறக்க விட்டுடாத."

நடந்து, நீந்தி, பறக்கிற இயந்திரம் ஒன்று கரையேறியதும் சிறகை விரித்து அசையாமல் நின்றால், பழுதென்று நினைத்துத் தட்டிப் பார்க்காதீர்கள். மாரிக்கண்ணுவின் இரண்டு ஆடுகள் போன அன்றிலிருந்துதான் அவை அப்படி நிற்கின்றன.