செயலாளர் வாயால் தண்டம்

மைக் பிடித்தவன் திட்டினால் தொழிலாளியின் மதிப்பு இறங்கும். எங்கள் மில்லில் ஒரு முறை ஏறியது.

கூடைப்பந்து அணிச் செயலாளர் தணிகாசலம், ஆட்டத்தில் தோற்றதும் மைக்கில், "மரியதாஸ் ஒரு தண்டம்!" என்றார். மறுநாளே அந்த ஆட்டக்காரனைக் கொடுத்து, பதிலுக்கு எதிரணியிடம் இரண்டு நெட்டை ஆட்டக்காரர்களைக் கேட்டார்.

"தண்டத்துக்கு ரெண்டு பேரா?" என்று சிரித்தார் எதிரணி மேலாளர்.

செயலாளர், மைதானத்தில் கோடு போடும் இருளப்பனிடம் பாய்ந்தார். "அவன் மதிப்பை இப்பவே ஏத்துடா. இல்லேன்னா உனக்கும் அவனுக்கும் மில்லுல வேலை கிடையாது."

இருளப்பன் மேலாளரிடம், "ஐயா, உங்க கேப்டன் முன்னாடி எங்க ஆடினாரு?" என்றான்.

"உங்க மில்லுக்குத்தான்."

"அவரையும் எங்க செயலாளர் தண்டம்னுதான் அனுப்பினாரு."

மேலாளர் உடனே ஆள் மாற்றும் தாளில் கையெழுத்துப் போட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்டது கிடைத்தும் செயலாளர் விழித்தார். "டேய், என்னைப் புகழ்ந்தியா, திட்டினியா?"

"எனக்கும் குழப்பந்தாங்க. எதுக்கும் என்னையும் ஒரு தடவை மைக்கில திட்டிடுங்க. நல்ல இடத்துல வேலை கிடைக்கும்."