மூன்றாவது மூலை

தேர்தல் வந்துவிட்டால் ஊரில் உரிமம் வாங்கிய துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சேர வேண்டும். கான்ஸ்டபிள் துளசிமணி வந்ததையெல்லாம் ரகம் பிரித்து வைத்தாள். ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடுவது முதல் மூலைக்கு. போல்ட்டை இழுத்து இழுத்துச் சுடுவது இரண்டாவதற்கு. விசையை அழுத்தினால் நிற்காமல் பொழிகிற ரகத்துக்கு மூன்றாவது மூலை. அங்கே ஸ்டேஷனின் சொந்தத் துப்பாக்கி மட்டும் நின்றது.

ஊரிலேயே பெரிய நிலக்காரரான பண்ணாடி பொன்முத்து தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மீசையை முறுக்கியபடி வந்தார். முதல் மூலையில் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி சென்னியப்பனின் துப்பாக்கி. சம்பந்தியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தாளு துப்பாக்கிக்குப் பக்கத்துல என்னுதா? மூணாவது மூலையில வை. இல்லாட்டி உன்னையத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திப்போடுவேன்!" என்று அதட்டினார் பண்ணாடி.

"வெச்சரலாமுங்க. ஆனா அந்த ரகம் சர்க்காருக்கு மட்டுந்தானுங்க. வீட்டுல வெச்சிருந்தவங்களுக்கும் இங்கயே இடம் இருக்குதுங்க" என்று லாக்கப் கதவைத் திறந்துவிட்டாள் துளசிமணி.

பண்ணாடியின் மீசை இறங்கிவிட்டது. "அட, ஒரே குண்டுதான் அம்மிணி! அதுவும் ரெண்டு தட்டுத் தட்டினாத்தான் வெடிக்கும்!"

சென்னியப்பன் எழுந்து தன் துப்பாக்கியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"வாங்க சம்பந்தி, தாராளமா எடமிருக்குது."