கீழடுக்கில் எவ்வளவு மீத்தேன்

அன்று ஆய்வறையில் இருந்தவர்கள் மூன்று பேர். பேராசிரியை மரகதவல்லி. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மாணவர் இன்னாசி. பம்புகளைக் கவனிக்கும் சாகுல்.

கனத்த எஃகுக் கலத்துக்குள் இருந்தவை நான்கு. மீத்தேன், கரியமில வாயு, இரண்டு வகை எண்ணெய். அழுத்தத்தில் அவை மேலே வாயு, கீழே வாயு கரைந்த எண்ணெய் என இரண்டு அடுக்குகளாகப் பிரிந்து அசையாமல் நின்றன. கலத்தின் சிறு கண்ணாடி வழியே நடுக்கோடு தெரிந்தது.

“மேடம், நாலு தடவை கலத்தை நிரப்பிக் கீழடுக்கை அளந்தேன். நாலு தடவையும் மீத்தேன் வேற வேற அளவு காட்டுது,” என்றார் இன்னாசி.

“இப்போ?”

“இதுதான் கடைசி. இந்த எண்ணெய் வந்த கிணத்தையே மூடிட்டாங்க. இனி ஒரு சொட்டு கிடைக்காது. இதுவும் பொய் சொன்னா என் மூணு வருஷ ஆய்வு போச்சு.”

“பொய் சொல்றது அதுதானா?”

இன்னாசி மாதிரி பிடிக்கும் குப்பியை வால்வில் பொருத்தினார்.

“எவ்வளவு எடுப்பீங்க?”

“முப்பது மில்லி. எப்பவும் அவ்வளவுதான். நிறைய எடுத்தா பிழை குறையும்.”

மேசை ஓரம் சாகுல் வைத்திருந்த சோடா புட்டியை மரகதவல்லி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே ஒரு குமிழிகூட இல்லை.

“இதுல காத்து எவ்வளவு கரைஞ்சிருக்கு? அளந்து சொல்லுங்க.”

மூடியைத் திறந்து இன்னாசியின் கையில் கொடுத்தார். சோடா சீறியது. அடியிலிருந்து குமிழிகள் கிளம்பின.

“குடிக்கலாம்னு வச்சிருந்தேன்,” என்றார் சாகுல்.

“அவர் அளந்து முடிக்கட்டும்.”

“அவர் முடிக்கறதுக்குள்ள அது வெறும் தண்ணியாயிடும் மேடம்.”

இன்னாசி புட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு அதைச் சாகுலிடம் நீட்டினார். வால்விலிருந்து குப்பியைக் கழற்றினார். தலைமுடி நுழையும் அளவே துளையுள்ள குழாயைப் பொருத்தி, மறுமுனையை அளக்கும் கருவியில் செருகினார்.

திறந்தார். உடனே மூடினார்.

ஒரு சொட்டு. முப்பது மில்லி எடுத்தபோதெல்லாம் சரிந்த அழுத்தமானியின் முள் இம்முறை அசையவில்லை. கீழடுக்கில் குமிழி எழவில்லை.

இன்னும் ஒரு சொட்டு. இன்னும் ஒன்று.

மூன்றிலும் மீத்தேன் ஒரே அளவு.

இன்னாசி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“எவ்வளவு நிரப்பினீங்க?” என்று கேட்டார் மரகதவல்லி.

“நூத்தி இருபது மில்லி.”

“மீதி?”

“நூத்திப் பத்தொன்பது புள்ளி ஒன்பது, மேடம்.”