இலைக்குக் குறுக்கே ஒரு கை

"குருவே, நான் கேட்டது ஒண்ணு. கூட வந்தது மூணு" என்றார் பூவலிங்கம்.

சங்கரன்கோவில் கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகும் வாசல். ஸ்டூடியோக்காரர் பூவலிங்கம் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். அவருக்கு ஐம்பது வயது. எதிரே நின்ற தில்ஷாத்துக்கு அதில் பாதிதான் இருக்கும். ஆனால் ஊரில் படுத்துக்கொண்ட கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவள் கடையில்தான் எழுந்து உட்கார்ந்தன. ஆகவே அவள் குரு.

"என்ன வந்துச்சு அண்ணாச்சி?"

"வீடியோவை வெட்டி ஒட்ட இலவசமா ஒரு சாப்ட்வேர் இறக்கினேன். அதோட ஒரு சீட்டாட்டம் வந்துட்டு. திரை ஓரத்துல மழை வருமான்னு சொல்லுத பட்டி ஒண்ணு. லேப்டாப்பை வேகமாக்குதேன்னு ஒரு பய வேற. அவன் வந்த பொறவு இது அசையவே மாட்டேங்கு."

"இறக்கும்போது என்ன பண்ணினீங்க?"

"நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கினேன். வேற என்ன பண்ணுவாங்க?"

சாயங்கால வரவேற்பில் பெண் மாப்பிள்ளை வீடியோவைப் பெரிய திரையில் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் மானம் கப்பலேறிவிடும். இந்தக் குடும்பத்தில் இனி ஒரு காதுகுத்துக்குக்கூட அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

"இதுக வராம இருக்க என்ன வழி?"

"வாங்க, சாப்பிடுவோம்" என்றாள் குரு.

வீடு பற்றி எரியும்போது விருந்தா? பூவலிங்கத்துக்கு எரிச்சல்தான். ஆனாலும் போய் உட்கார்ந்தார். மடியில் லேப்டாப். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டு" என்றது ஒரு குரல்.

"ம்" என்றார்.

"அவியல்."

"ம்."

"சோறு."

"ம்."

குரு அவ்வப்போது இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். வாளிகள் அவளைத் தாண்டிப் போயின.

பூவலிங்கம் நிமிர்ந்தபோது அவருடைய இலையைக் காணவில்லை. அதன்மேல் ஒரு மலை இருந்தது. அவருக்கு ஆகவே ஆகாத பூசணிக் கூட்டு அதில் இரண்டு இடத்தில் இருந்தது.

"இதையெல்லாம் யாரு கேட்டா?"

குரு அப்பளத்தை நொறுக்கினாள்.

"எப்பம் வச்சான்?"

"நீங்க வட்டத்தைப் பாத்துட்டு இருந்தப்ப."

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா வந்து எதிரே நின்றார். "அண்ணாச்சி, இலையில ஒண்ணும் மிச்சம் வைக்கப்படாது!"

நகரவே மாட்டேன் என்று நின்றுகொண்டு சிரித்தார். பூவலிங்கம் அத்தனையையும் சாப்பிட்டார். எழுந்தபோது லேப்டாப்பைப் போலவே அவராலும் அசைய முடியவில்லை.

குரு, வேண்டாத மூன்றையும் நீக்கினாள். அவற்றைக் கூட்டிவந்த வீடியோ சாப்ட்வேரையும் நீக்கினாள். பிறகு லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"திரும்ப நீங்களே போடுங்க."

நெக்ஸ்ட். விரல் பழக்கதோஷத்தில் அடுத்த நெக்ஸ்டுக்கு ஓடியது.

பாதி வழியில் நின்றது.

திரையின் மூலையில், பொடி எழுத்தில், சீட்டாட்டம். அதன் கீழே மழைப் பட்டி. அதன் கீழே அந்தப் பய. மூன்றுக்கும் யாரோ முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள்.

பூவலிங்கத்துக்குப் பூசணிக் கூட்டு தொண்டை வரைக்கும் வந்தது. தன்னை அறியாமல் திரைக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

குரு விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்குக் கண்ணு தெரியாது அண்ணாச்சி. டிக்கை எடுங்க."

ஒவ்வொன்றாக எடுத்தார்.

வரவேற்பில் வீடியோ தங்குதடையில்லாமல் ஓடியது. மண்டபமே கைதட்டியது. பெண்ணின் அப்பா மனம் குளிர்ந்துபோய், பூவலிங்கத்தைத் தானே கூட்டிப்போய்ப் பந்தியில் உட்காரவைத்தார்.

இலை போட வந்தவன் திகைத்து நின்றான்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை குறுக்கே நீண்டிருந்தது.