பலகையின் அடிப்பக்கம்

பாம்பனுக்குத் தெற்கே ஒரு குட்டித் தீவின் ஓரக் கடலில், சிதம்பரநாதன் நாற்பது சிமென்ட் பலகைகளைப் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் நாலு குட்டைக் கால். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் அவர். செத்துப்போன பவளப்பாறை இருந்த இடத்தில் புதிதாக ஒன்றை எழுப்பாமல் ஊர் திரும்புவதில்லை என்று சபதம் வேறு.

அங்கே முங்கிப் பாசி எடுக்கும் இருதயமேரி, அவரைவிட இருபது வயது இளையவள். அவளைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

"குருவம்மா, பலகையில பவளம் வந்து ஒட்ட நான் என்ன செய்யணும்?"

"சும்மா விடுங்க சார்."

சும்மா விடுவதா? முப்பது வருஷம் பையன்களை விறைப்பாக நிற்கவைத்த மனுஷன்! வாராவாரம் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, நீளக் கம்பில் கட்டிய கம்பி பிரஷால் பலகைகளைத் தேய்த்துத் தள்ளினார். ரோஸ் நிறத்தில் ஒரு கறை மட்டும் திரும்பத் திரும்பப் படிந்தது. அவரா விடுவார்? அடிப்பக்கத்தையும் தேய்க்கத்தான் ஆசை. பாழாய்ப்போன இடுப்பு வளையவில்லை.

இருதயமேரி பார்க்கும்போதெல்லாம் அதையே சொன்னாள். கேட்டால்தானே!

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு பவளக் குஞ்சுகூட வரவில்லை.

"தோத்துட்டேன் குருவம்மா. பலகையெல்லாம் தூக்கிட்டு ஊருக்குப் போறேன்."

"தூக்குறதுக்கு முன்னாடி ஒண்ணைப் புரட்டிப் பாப்போம், வாங்க."

இருவரும் மூச்சைப் பிடித்து முங்கினார்கள். இடுப்பு சுரீரென்றது. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துப் பலகையைப் புரட்டினார்கள்.

அடியில் முழுக்க அதே ரோஸ் கறை, கல்லாக இறுகிக் கிடந்தது. அதன்மேல் மிளகு மிளகாக ஒன்று, இரண்டு... ஏழு பவளக் குஞ்சுகள்!

கடலுக்குள் கத்தினால் என்ன ஆகும்? ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்து, இருமிக்கொண்டே மேலே வந்தார்.

"ஏழு! குருவம்மா, ஏழு!"

அடுத்ததில் பதினொன்று. மூன்றாவதில் எண்ணி முடிக்க மூச்சுப் போதவில்லை. இடுப்பு வலியெல்லாம் எங்கே போனதோ, சின்னப் பையனாகத் தண்ணீரில் குதித்தார்.

"மெதுவா சார், பழையபடி கவுத்து வைங்க. அது கறை இல்ல, பாசி. நிழல்ல, தேய்க்காம விட்டாத்தான் இப்படிக் கல்லா இறுகும். அதுமேலதான் பவளம் வந்து ஒட்டும்."

"இதை முன்னாடியே காட்டியிருக்கலாமே!"

"காட்டியிருந்தா அதையும் தேய்ச்சிருப்பீங்க."

சிதம்பரநாதன் கரையில் சாத்தியிருந்த பிரஷைப் பார்த்தார்.

"அப்ப இதுங்களையெல்லாம் காப்பாத்தினது யாரு?"

"குனிய விடாத உங்க இடுப்பு வலிதான் சார்."